ஒன்பதாம் வகுப்பில் ஒரு 'சி': அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கையில் அது எவ்வளவு பாதிக்கும்?

உங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பின் முதல் செமஸ்டரை இப்போதுதான் முடித்திருக்கிறாள். மூன்று பாடங்களில் 'ஏ', இரண்டில் 'பி', உயிரியல் ஹானர்ஸில், அதாவது சாதாரண வகுப்பைவிடக் கடினமான பிரிவில், 'சி'. ஒன்பதாம் வகுப்பைக் கல்லூரிகள் பார்ப்பதே இல்லை என்று சிலர் சொல்கிறார்கள், ஒரு 'சி' வந்துவிட்டாலே பெரிய கல்லூரிகளை மறந்துவிட வேண்டியதுதான் என்று வேறு சிலர் சொல்கிறார்கள், யாரை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அந்த 'சி' சராசரியை எவ்வளவு இழுக்கும் என்பது ஒன்று. இந்த ஜனவரியில் வீட்டில் உட்கார்ந்து என்ன முடிவெடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவதை நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் என் பார்வையில் அதுதான் அவசரமானது. முதல் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

நான் அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக, மாணவர்களுக்குப் படிப்பில் வழிகாட்டும் கவுன்சிலராக வேலை பார்க்கிறேன். கல்லூரிச் சேர்க்கை அலுவலகத்துக்குள் உட்கார்ந்து விண்ணப்பம் படித்தவள் இல்லை. பள்ளிப் பக்கத்திலிருந்து கண்டதையும், பல்கலைக்கழகங்கள் தாங்களே வெளியிட்டிருக்கும் விதிகளையும் வைத்துத்தான் பேச முடியும். விளையாட்டு வீரர்களைக் கல்லூரிகள் எடுத்துக்கொள்ளும் முறை தனி உலகம். அதை இங்கே தொடப்போவதில்லை.

நம்மில் பலர் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கட்-ஆஃப் கணக்குப் போட்டவர்கள். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றும் சேர்த்து 200-க்கு எத்தனை என்று தெரிந்தால் எந்தப் பொறியியல் கல்லூரி என்பதும் ஏறக்குறையத் தெரிந்துவிடும். ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண்ணை யாரும் கேட்டதில்லை. டொராண்டோவில் உறவினர்கள் இருந்தால் அவர்களும் கவலைப்படாதே என்றுதான் சொல்வார்கள். ஒன்டாரியோவில் பல்கலைக்கழகச் சேர்க்கை பெரும்பாலும் பன்னிரண்டாம் வகுப்பின் ஆறு பாடங்களை வைத்தே நடப்பதால், அவர்கள் ஊருக்கு அது சரி. அமெரிக்காவில் நான்கு ஆண்டுகளின் கிரேடுகளும் ஒரே மதிப்பெண் பட்டியலில், அதாவது டிரான்ஸ்கிரிப்டில், ஏறுகின்றன. அதை எப்படிப் படிப்பது என்பதை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தானே முடிவு செய்துகொள்கிறது. அதனால்தான் உங்கள் காதுக்கு வந்த இரண்டு கருத்துகளுமே ஏதோ ஓரிடத்தில் உண்மையாக இருக்கின்றன.

எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, பதில் அதைப் பொறுத்தே பெரிதும் மாறும். கலிஃபோர்னியாவில் இருந்தால், 'பார்ப்பதே இல்லை' என்று சொன்னவர்கள் எதிலிருந்து அதைப் பிடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம், அதாவது பெர்க்லி, யுசிஎல்ஏ உள்ளிட்ட யுசி வளாகங்கள், சேர்க்கைக்கான ஜிபிஏவை, அதாவது கிரேடுகளின் புள்ளிச் சராசரியை, தாங்களே கணக்கிடுகின்றன. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடையிலிருந்து பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த 'ஏ-ஜி' பாடங்களின், அதாவது யுசி தகுதிக்குக் கேட்கும் பாடப் பிரிவுகளின், கிரேடுகள் மட்டுமே அதில் சேரும். 'ஏ மைனஸ்' ஆனாலும் 'ஏ'தான், 'பி பிளஸ்' ஆனாலும் 'பி'தான். கல்லூரித் தரத்திலான ஏபி பாடங்களுக்கும் அங்கீகரிக்கப்பட்ட ஹானர்ஸ் பாடங்களுக்கும் கூடுதல் புள்ளி உண்டு, ஆனால் அதிகபட்சம் எட்டு செமஸ்டருக்குத்தான், அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி வளாகங்களும் பத்து, பதினொன்றாம் வகுப்புகளை வைத்தே ஜிபிஏ கணக்கிடுகின்றன.

உங்கள் மகளையே வைத்துக் கணக்குப் போடுவோம். 'ஏ'க்கு 4 புள்ளி, 'பி'க்கு 3, 'சி'க்கு 2. ஒரு செமஸ்டருக்கு ஆறு பாடம் என்றால் முதல் செமஸ்டர் சராசரி 3.33. இரண்டாம் செமஸ்டரில் நான்கு 'ஏ', இரண்டு 'பி' வாங்கினால் ஒன்பதாம் வகுப்பின் சராசரி 3.5. பத்திலும் பதினொன்றிலும் சேர்த்து இருபது 'ஏ', நான்கு 'பி' என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியின் டிரான்ஸ்கிரிப்டில், கூடுதல் புள்ளிகள் இல்லாமல், மூன்றாண்டுச் சராசரி 3.72 என்று வரும். ஒன்பதாம் வகுப்பு முழுவதும் 'ஏ'யாக இருந்திருந்தால் 3.89. இதே கிரேடுகளை யுசி தன் முறையில் கணக்கிட்டால் ஒன்பதாம் வகுப்பு உதிர்ந்து 3.83 ஆகும். எட்டு செமஸ்டர் கூடுதல் புள்ளியும் சேர்ந்தால் 4.17. அதாவது யுசியின் ஜிபிஏவைப் பொறுத்தவரை அந்த 'சி'யின் விலை பூஜ்யம்.

அதற்காக ஒன்பதாம் வகுப்பை யுசி கண்ணை மூடிக்கொண்டு தாண்டிவிடுகிறது என்று எண்ண வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பாடங்களையும் கிரேடுகளையும் விண்ணப்பத்தில் வரிவரியாக எழுதித்தான் ஆக வேண்டும், படிப்பவர் அவற்றைப் பார்ப்பார். 'ஏ-ஜி' தகுதிக்குத் தேவையான 15 பாடங்களில் ஒன்பதாம் வகுப்புப் பாடங்களும் சேரும், அவற்றில் குறைந்தது 'சி' வேண்டும். ஆகவே 'சி'க்கும் 'டி'க்கும் நடுவில் இருக்கும் கோடு அங்கே உண்மையான கோடு. உங்கள் மகள் அதற்கு மேலேதான் இருக்கிறாள். விண்ணப்பங்களை மதிப்பிட யுசி அறிவித்திருக்கும் 13 அம்சங்களில், அண்மைக் காலத்தில் படிப்பில் தெளிவாகத் தெரியும் முன்னேற்றம் என்பதும் ஒன்று.

இங்கே ஒரு எச்சரிக்கை. 'சி'யை அழிக்கிறேன் என்று கோடை விடுமுறையில் பணம் கட்டி ஆன்லைன் பள்ளியில் அதே உயிரியலை மறுபடி படிக்க வைக்கும் பெற்றோர் ஒவ்வொரு ஆண்டும் என்னிடம் வருகிறார்கள். 'டி' அல்லது 'எஃப்' வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுத்தால் பயன் உண்டு. முதல் முறையே 'சி' வாங்கிவிட்ட பாடத்தைத் திரும்ப எடுத்தால் யுசி அந்தப் புதிய கிரேடைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. பணமும் போய், பிள்ளையின் கோடையும் போய்விடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

டெக்சஸில் இருந்தால் நிலைமை ஏறக்குறைய நேர்மாறு. அங்கே 1997-இல் வந்த சட்டப்படி, உயர்நிலைப் பள்ளி வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வருபவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாக இடம் கிடைக்கும். ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வரம்பு இன்னும் குறுகியது. முன்பு 6 சதவீதமாக இருந்ததை 2026 இலையுதிர்காலச் சேர்க்கையிலிருந்து 5 சதவீதமாக்கிவிட்டார்கள். அந்தத் தர வரிசை பதினொன்றாம் வகுப்பின் முடிவில் பார்க்கப்படுகிறது, அதில் ஒன்பதாம் வகுப்பின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. ஃபிரிஸ்கோ, பிளேனோ போன்ற போட்டி மிகுந்த ஊர்களில் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கங்களில் வரிசை மாறுகிறது. அப்படிப்பட்ட பள்ளியில் முதல் 5 சதவீதத்துக்குள் வருவதை ஒரு 'சி'யும் இரண்டு 'பி'யும் மிகக் கடினமாக்கிவிடும், இதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் வரிசைக்கு வெளியே இருப்பவர்களும் அங்கே விண்ணப்பிக்கலாம், முழு விண்ணப்பத்தையும் வைத்து மதிப்பிடுவார்கள். தானாக இடம் கிடைத்தவர்களுக்குக்கூடப் பல்கலைக்கழகத்தில் இடம்தான் உறுதி. கணினி அறிவியல், பொறியியல் போன்ற துறைகளுக்கு அந்த உறுதி கிடையாது. ஜார்ஜியாவில் இருந்தால் கல்லூரிச் சேர்க்கையோடு உதவித்தொகையையும் பாருங்கள். ஹோப், ஜெல் மில்லர் உதவித்தொகைகளுக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் எல்லா முதன்மைப் பாடங்களும் கணக்கில் வரும், ஜெல் மில்லருக்கு 3.7 வேண்டும்.

தனியார் கல்லூரிகளுக்கு வருகிறேன். ஹார்வர்ட், எம்ஐடி, டியூக் போன்ற இடங்கள் கணக்குச் சூத்திரம் எதையும் வெளியிடுவதில்லை. பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் 'காமன் டேட்டா செட்' என்ற ஆவணத்தை நிரப்பி வெளியிடுகின்றன. அதில் பாடங்களின் கடினம், ஜிபிஏ, வகுப்பு வரிசை, கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று குறித்திருப்பார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு என்று அதில் தனி வரி கிடையாது. ஆகவே 'ஒன்பதாம் வகுப்புக்கு இத்தனை சதவீதம்' என்று யாராவது சொன்னால், பணம் வாங்கிக்கொண்டு சொன்னாலும்கூட, அது ஊகம்தான்.

டிரான்ஸ்கிரிப்ட் என்பது எப்படிப்பட்ட தாள் என்று சொன்னால் சில விஷயங்கள் விளங்கும். பெரும்பாலும் ஒரே பக்கம். ஒன்பது, பத்து, பதினொன்று என்று கட்டம் கட்டமாகப் பாடங்களின் பெயரும் அருகில் இரண்டு செமஸ்டர் கிரேடுகளும் இருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக் கட்டத்தில் விண்ணப்பிக்கும் நேரத்தில் பாடங்களின் பெயர் மட்டும் இருக்கும், கிரேடு காலியாக இருக்கும். அந்தத் தாளோடு பள்ளியின் விவரக் குறிப்பையும் நாங்கள் அனுப்புகிறோம். இந்தப் பள்ளியில் எத்தனை ஏபி பாடங்கள் உண்டு, அவற்றை எந்த வகுப்பிலிருந்து எடுக்கலாம் என்றெல்லாம் அதில் இருக்கும். படிப்பவர் இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளை தனக்குக் கிடைத்த பாடங்களில் எவ்வளவு கடினமானவற்றை எடுத்தாள், கடைசி இரண்டு ஆண்டுகளில் எப்படி இருந்தாள் என்று பார்க்கிறார். பதினொன்றாம் வகுப்புக் கட்டம்தான் அதிகம் பேசும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகம் எங்கே என்றால், 'ஏறுமுகம்' என்பதற்கு எவ்வளவு மதிப்பு என்பதில். நூற்றுக்கு ஐந்து பேரைக்கூட எடுக்காத கல்லூரியில், தொடக்கத்திலிருந்தே 'ஏ' வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்கள். சறுக்கி எழுந்தவருக்கு அவர்களைவிடக் கூடுதல் மதிப்பு கிடைக்கும் என்று சில ஆலோசகர்கள் சொல்வதை நான் நம்பவில்லை. சறுக்கல் மன்னிக்கப்படும் என்பதை நம்புகிறேன். ஒன்பதாம் வகுப்பில் 'சி' இருந்தும் மிகக் கடினமான இடங்களுக்குப் போன மாணவர்களைப் பார்த்திருக்கிறேன், எல்லாம் 'ஏ'யாக இருந்தும் கிடைக்காதவர்களை அதைவிட அதிகமாகப் பார்த்திருக்கிறேன். நிராகரிப்புக் கடிதத்தில் கல்லூரிகள் காரணம் எழுதுவதில்லை என்பதால் அந்த 'சி'யால்தான் போனது என்று எவராலும் நிரூபிக்க முடியாது.

இனி நீங்கள் கேட்காத கேள்வி. ஒன்பதாம் வகுப்பு கிரேடின் பெரிய விளைவு கல்லூரியில் தெரிவதில்லை, அடுத்த ஆண்டுப் பாடப் பட்டியலில் தெரிகிறது. பெரும்பாலான பள்ளிகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பத்தாம் வகுப்புக்கான பாடத் தேர்வுப் படிவம் வரும். உயிரியல் ஆசிரியர் அதில் உங்கள் மகளுக்கு வேதியியல் ஹானர்ஸ் என்று எழுதுவாரா, சாதாரண வேதியியல் என்று எழுதுவாரா? கணிதத்தில் இது இன்னும் கறாரானது. ஜியோமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரிகால்குலஸ், கால்குலஸ் என்று வரிசை வைத்திருக்கிறார்கள், ஒன்றைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போக முடியாது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு படி பின்தங்கினால் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸ் இல்லாமல் போகக்கூடும். பொறியியலுக்கு விண்ணப்பிப்பவருக்கு அது ஒரு பழைய 'சி'யைவிடப் பெரிய இழப்பு. கால்டெக் தன் விண்ணப்பதாரர்கள் கால்குலஸ் படித்திருக்கவோ அதற்கு ஈடான தேர்ச்சியைக் காட்டவோ வேண்டும் என்றே கேட்கிறது. 'சி' வாங்கிய பிள்ளையைப் பயத்தில் எல்லா ஹானர்ஸ் பாடங்களிலிருந்தும் இறக்கிவிடும் பெற்றோரையும் பார்க்கிறேன், தண்டனை போல இன்னும் இரண்டு ஏபி பாடங்களை ஏற்றிவிடும் பெற்றோரையும் பார்க்கிறேன். இருவருமே அந்த 'சி' எப்படி வந்தது என்று பார்ப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிடுகிறார்கள்.

எப்படி வந்தது என்று பார்ப்பது ஒரு மாலை வேலைதான். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பள்ளியின் கிரேடு போர்ட்டலைத் திறந்து, மொத்தச் சதவீதத்தை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் வரிகளைப் பாருங்கள். தேர்வுகள் தனியாக, ஆய்வகக் குறிப்புகள் தனியாக, வீட்டுப்பாடம் தனியாக இருக்கும். தேர்வுகளில் 84, 81, 86 என்று இருந்து, ஆய்வக அறிக்கைகளில் மூன்று பூஜ்யங்கள் இருந்தால், உயிரியல் அவளுக்குப் புரிந்திருக்கிறது, தாளை நேரத்துக்குக் கொடுக்கவில்லை என்று பொருள். ஆறு ஆசிரியர்கள் ஆறு விதமாக வேலை கொடுக்கும் முதல் ஆண்டில் இது மிக மிகச் சாதாரணமாக நடப்பது. இந்தப் பிள்ளை ஹானர்ஸிலேயே தொடரலாம், அவளுக்குத் தேவை ஒரு நாட்குறிப்பும் வாரம் ஒருமுறை சரிபார்க்கும் பழக்கமும். மாறாக எல்லா வேலையும் கொடுத்திருந்தும் தேர்வுகளில் 68, 71 என்று இருந்தால், பாடத்தின் ஆழமோ படிக்கும் முறையோ இன்னும் கைவரவில்லை. அப்படியானால் பத்தாம் வகுப்பில் சாதாரண வேதியியலை எடுத்து உறுதியான 'ஏ' வாங்குவதை நான் விரும்புவேன். ஆனால் அதற்கு முன் பள்ளியின் பாட விவரக் கையேட்டைப் பாருங்கள். சாதாரண வேதியியலில் நல்ல கிரேடு வாங்கியவரைப் பதினொன்றில் ஏபி அறிவியலுக்கு எடுத்துக்கொள்ளும் பள்ளிகள் பல உண்டு, எடுத்துக்கொள்ளாத பள்ளிகளும் உண்டு. ஆசிரியரின் பரிந்துரைக்கு மாறாகப் பெற்றோர் கையெழுத்திட்டு ஹானர்ஸில் சேர்க்க அனுமதிக்கும் படிவமும் சில இடங்களில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவதற்கு முன் அந்த ஆசிரியரிடம் உங்கள் மகளே போய்ப் பேச வேண்டும். நீங்கள் மின்னஞ்சல் எழுதுவதைவிட அவள் மதிய இடைவேளையில் நேரில் போய், எங்கே தவறினேன் என்று கேட்பது எத்தனையோ மடங்கு மேல்.

சிகாகோவில் நடந்த ஒரு நீண்ட ஆய்வு வரிசை இந்த இடத்தில் பொருந்தும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அந்நகரத்து அரசுப் பள்ளி மாணவர்களைத் தொடர்ந்து, ஒன்பதாம் வகுப்பில் ஒருவர் எப்படி இருக்கிறார் என்பது பள்ளியை முடிப்பாரா, கல்லூரியில் சேருவாரா என்பதைப் பெரிய அளவில் முன்கூட்டிக் காட்டுகிறது என்று 2005-லும் 2017-லும் அறிக்கைகள் வெளியிட்டார்கள். இதைக் காட்டிப் பெற்றோரை மிரட்டுபவர்கள் உண்டு. அந்த ஆய்வுகள் கடினமான கல்லூரிகளுக்கான சேர்க்கையைப் பற்றியவை அல்ல. முன்கூட்டிக் காட்டுவது என்பதால் அது விதியும் ஆகிவிடாது. பழக்கங்கள் அப்படியே தொடரும்போது கிரேடுகளும் அப்படியே தொடர்கின்றன என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது. ஆகவே மாற்ற வேண்டியது பழக்கத்தை, அதுவும் இந்த இரண்டாம் செமஸ்டரிலேயே.

விண்ணப்பத்தில் இந்த 'சி'யை விளக்கலாமா என்று பின்னால் ஒரு நாள் கேட்பீர்கள். உடல்நலக் குறைவு, வீட்டில் மரணம், நடு ஆண்டில் ஊர் மாறியது என்று உண்மையான காரணம் இருந்தால் விளக்குங்கள். பல கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் அதற்கென்று இடம் இருக்கிறது, கவுன்சிலரும் தன் கடிதத்தில் எழுதலாம். அப்படி ஏதாவது இருந்தால் இப்போதே கவுன்சிலரிடம் சொல்லிவையுங்கள். எங்களில் பலரிடம் நானூறு, ஐந்நூறு மாணவர்கள் இருக்கிறார்கள், மூன்று ஆண்டு கழித்துச் சொன்னால் அந்தக் காலத்தில் நடந்தது எதையும் நாங்கள் பார்த்திருக்க மாட்டோம். உயர்நிலைப் பள்ளி புதிதாக இருந்தது என்பது மட்டும்தான் காரணம் என்றால் எதுவும் எழுத வேண்டாம். பத்து, பதினொன்றாம் வகுப்புக் கட்டங்களே அதைச் சொல்லிவிடும்.

நம் வீடுகளில் காதுகொடுத்துக் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் உள்ளூர் அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு யுசிக்கு மாறும் வழி மிக அகலமானது. அப்படி மாறுபவர்களைக் கல்லூரி கிரேடுகளை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள், உயர்நிலைப் பள்ளி கிரேடு அங்கே தடையாக நிற்பதில்லை. டேவிஸ், இர்வைன், சான்டா பார்பரா உள்ளிட்ட ஆறு வளாகங்கள், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்றே எழுதிக் கொடுக்கின்றன. உங்கள் மகளுக்கு இது தேவைப்படும் என்று நான் சொல்லவில்லை. ஒரு செமஸ்டர் கிரேடால் வழியெல்லாம் அடைபட்டுவிட்டது என்று பதினான்கு வயதுப் பிள்ளையிடம் பேசுவது உண்மையும் அல்ல, நல்லதும் அல்ல. அவள் காதில் அப்படி ஏதாவது விழுந்திருந்தால், முதலில் அதைத் திருத்துங்கள்.

மாநிலம் எது, உயிரியலில் தேர்வு வரிகளும் ஆய்வக வரிகளும் எப்படி இருக்கின்றன, பள்ளிக் கையேட்டில் ஏபி வேதியியலுக்கு என்ன முன்தகுதி கேட்டிருக்கிறார்கள் என்ற மூன்றையும் எழுதினால், வேதியியல் ஹானர்ஸா சாதாரணமா என்பதில் என் கருத்தைத் தெளிவாகச் சொல்கிறேன். பாடத் தேர்வுப் படிவத்துக்குக் கடைசி நாள் எப்போது என்றும் பார்த்துவையுங்கள்.